எங்கள் கூடத்தில் யாரும் மயங்கியதே இல்லை

என் அண்ணி தூங்குமூஞ்சி இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் கண் விழிக்கும்போது அவள் குளித்து முடித்து, அடுப்பில் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கியிருப்பாள். பகலில் அவள் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளை வேலை நேரத்தில் தூங்கினாள், தூங்கினாள் என்று மூன்று தடவை எழுதி வைத்தார்கள். எழுதும்போது பக்கத்தில் நின்று ஆமாம் போட்டவள் நான்தான். அந்த வயிற்றெரிச்சல் ஆறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

அவள் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது கொண்டுவந்தது ஒரே ஒரு பெட்டி. அதற்குள் துணிகள் எல்லாம் நோட்டுப் புத்தகம் அளவுக்கு ஒரே சீராக மடிந்திருந்தன. நான் கல்யாணம் பண்ணினேனா, துணிக்கடை வைத்தேனா என்று அண்ணன் கேலி செய்தான். அவளுக்கு அது கேலியாகவே படவில்லை. காய்கறி வாங்கிவந்த பிளாஸ்டிக் பையையும் மடிப்பாள், பஸ் டிக்கெட்டையும் மடிப்பாள். சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே கை தன்பாட்டில் துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'மடிப்பு' என்றுதான் பெயர். அங்கே அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இரண்டு பேருக்காவது தெரியுமா என்பது சந்தேகம்.

நான் புருஷன் வேண்டாம் என்று கைப்பையோடு வந்து வாசலில் நின்ற நாளில் என் கூடப்பிறந்தவன் யோசித்தான். ஊர் என்ன பேசும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்று இழுத்தான். அண்ணி யோசிக்கவில்லை. என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "முதல்ல சாப்பிடு நாத்தனாரே, அப்புறம் எங்க ரெண்டு பேரையும் குறை சொல்லு" என்றாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். அவளுக்கும் எட்டாவது படிக்கும் அவள் மகளுக்கும் நான் துணை என்று வெளியே சொல்லிக்கொண்டாள். உண்மையில் அவள்தான் எனக்குத் துணை. சலவைக்கூடத்தில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அந்தக் கூடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுதிகளின் படுக்கை விரிப்பு, ஆஸ்பத்திரி விரிப்பு, வெள்ளைக் கோட்டு எல்லாம் எங்களிடம் தேய்ப்புக்கு வரும். ஆறு நீராவி மெஷின், மெஷினுக்கு இரண்டு பேர், ஆகப் பன்னிரண்டு பெண்கள். காலால் பெடலை மிதித்தால் மேல்தகடு வந்து துணிமேல் உட்காரும், புஸ்ஸென்று ஆவி முகத்தில் அடிக்கும். வெள்ளைத் துணியில் தூசி படியும் என்று ஜன்னல்களை ஆணி அடித்து மூடிவிட்டார்கள். கழிப்பறை முற்றத்தின் அந்தக் கோடியில். விசில் ஊதினால்தான் போகலாம். ஊதுகிறவர் சூப்பர்வைசர், ஆகவே அவருக்குப் பெயர் 'விசில்'. அவர் முகத்துக்கு நேரே மட்டும் சார்.

நான் வருவதற்கு வெகுகாலம் முன்னால் அங்கே ஒருத்தி மயங்கி, கை தகட்டுக்குள் மாட்டிக்கொண்டதாம். அதிகாரி ஒருவர் வந்து, மயங்கி விழுந்தவரை டாக்டர் சான்று தரும்வரை சூடான மெஷினில் நிறுத்தக் கூடாது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். நல்ல விதி. எழுதின மகராசன் நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்கள் முதலாளிகள் அதை வேறு மாதிரி படித்தார்கள். மெஷினில் நிறுத்தக் கூடாது என்றால் இங்கே வேறு வேலை இல்லை, வேறு வேலை இல்லை என்றால் வீட்டுக்குப் போ.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் விசில். யாராவது விழுந்தால் மயக்கம் என்று எழுத மாட்டார், தூங்கிவிட்டாள் என்று எழுதுவார். தூக்கத்துக்குத் தண்டனை ஓர் எச்சரிக்கை, ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். மறுநாள் வேலைக்கு வந்துவிடலாம். அதற்கென்றே ஒரு பதிவேடு உண்டு. அந்த ஆள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்களைக் காப்பாற்றுவதாகவே அவர் மனப்பூர்வமாக நம்பினார். நாங்களும் நம்பினோம். புதிதாக ஒருத்தி வேலைக்கு வந்தால் தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று காட்டுவதோடு, விழுந்தால் தூங்கிட்டேன்னு சொல்லு என்பதையும் சொல்லிக்கொடுப்போம். நானே இரண்டு தடவை 'தூங்கியிருக்கிறேன்'. ஆக எங்கள் கூடத்தில் ஒன்பது வருஷமாக யாருமே மயங்கவில்லை. நுழைவாயில் பலகையில் இதைப் பெருமையாக வேறு எழுதி மாட்டியிருந்தார்கள்.

இரண்டு வருஷம் முன்பு அண்ணிக்கு இரத்தக் கொதிப்பு என்று தெரிந்தது. மருத்துவ நிலையத்தில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். உடம்பிலிருக்கும் நீரைப் பிரித்து வெளியே தள்ளுகிற மாத்திரை. காலையில் போட்டால் பத்து மணிக்குள் மூன்று தடவை எழுந்து ஓட வேண்டும். விசில் ஊத வேண்டாமா? அதனால் வேலை நாளில் ஒன்றுவிட்டு ஒன்று போட்டாள், விட்டுப்போனதை லீவு நாளில் சேர்த்து இரண்டு, மூன்றாகப் போட்டாள். கடமை தவறாதவள் இல்லையா, மாத்திரைக்கும் பாக்கி வைக்க மாட்டாள். கூடத்தில் இருக்கும்போது தண்ணீரே குடிப்பதில்லை. வேர்வையோ ரவிக்கையைப் பிழிந்தால் சொட்டும். டாக்டர் உப்பைக் குறை என்றார் என்று குழம்பில் உப்பையே மறந்துவிட்டாள். நானும் அவள் மகளும் மூக்கால் அழுதுகொண்டு சாப்பிட்டோம். அவளுக்குக் கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும், வயசாச்சு என்பாள். நாற்பத்தொன்று ஒரு வயசா?

முதல் தடவை விழுந்தது நல்ல வெயில் காலத்தில். பெடலில் கால் வைத்தவள் அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். உதடு வெளுத்திருந்தது. முகத்தில் தண்ணீர் தெளித்தேன். கண்ணைத் திறந்தவள் கேட்ட முதல் கேள்வி, அவர் பார்த்துவிட்டாரா என்பதுதான். விசில் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, தூங்கிட்டாங்க சார் என்றேன். ஒருவரும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

இருபது நாள் கழித்து மறுபடியும் விழுந்தாள். ஒரே மாதத்துக்குள் இரண்டு தடவை 'தூங்கினால்' கம்பெனி டாக்டரைப் பார்க்க வேண்டும். அவர் புதன்கிழமை ஒரு மணி நேரம் வருவார். நானும் கூடப் போனேன். அவர் விசில் எழுதிக் கொடுத்த தாளைப் படித்தார், அவள் மணிக்கட்டைக்கூடத் தொடவில்லை. ராத்திரி தூக்கம் வருவதில்லையா, வீட்டில் கவலையா, புருஷன் ஊரில் இல்லையா என்று அடுக்கினார். அவள் என்ன சொல்வாள்? தூங்கினேன் என்று கையெழுத்துப் போட்டாயிற்று, இனி ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன் என்று சொன்னால் குட்டு உடைந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். நெஞ்சு சில நேரம் படபடவென்று வருகிறது என்று மட்டும் தன்பாட்டில் சொல்லிப் பார்த்தாள். அதெல்லாம் மனசு, பயம் என்று சிரித்துவிட்டு, மனசு அமைதியாக ஒரு மாத்திரை எழுதினார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்கவில்லை. கொதிப்பு மாத்திரை உடம்புக்கு, இது மனசுக்கு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று இவளும் சொல்லவில்லை.

பார்த்தீர்களா? நாங்கள் சொன்ன பொய் தாளில் ஏறி, தாளிலிருந்து மாத்திரையாகி, அவள் வாய்க்குள்ளேயே போய்விட்டது. ஒரு நிமிஷம் நாடி பார்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் அந்த மனுஷனுக்கு? ஒரு பெண்பிள்ளை நெஞ்சு படபடக்கிறது என்றால் உடனே மனசு. ஆண்பிள்ளை சொன்னால் மட்டும் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்ப்பார்கள்.

அவரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? மாத்திரை ஆரம்பித்த பிறகு, "நெஞ்சுக்குள்ள யாரோ கதவைத் தட்டிட்டு ஓடிப்போற மாதிரி இருக்குடி" என்று அவள் என்னிடம் சொன்னாள். பயந்தாங்கொள்ளி, மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள், சரியாகிவிடும் என்று அடக்கியவள் நான்.

அப்புறம் அவளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. மூன்று நாள் விடாமல் போயிற்று, கூடவே சளியும் காய்ச்சலும். அப்போதும் லீவு போடவில்லை. மருந்துக்கடைக்காரர் எல்லாவற்றுக்கும் கேட்கும் என்று கிருமியைக் கொல்லுகிற மாத்திரை ஒன்றைச் சீட்டு இல்லாமலே கொடுத்தார். அவரும் எதுவும் கேட்கவில்லை. அதை ஆரம்பித்த மூன்றாம் நாள், காலை பதினொரு மணிக்கு மூன்றாவது தடவை விழுந்தாள். இந்தத் தடவை தண்ணீர் தெளித்தும் கண் திறக்கவில்லை. கை இரண்டும் வெட்டி வெட்டி இழுத்தது. ஒருவழியாக அவள் மூச்சை இழுத்துக் கண் திறந்தபோது விசிலே பதறிப்போய் வேனை எடுக்கச் சொன்னார்.

வேனில் அவரும் வந்தார். ஒரு கையில் தூக்கம் என்று எழுதிய தாள், இன்னொரு கையில் அண்ணியின் செருப்பு. அதை யாரிடமும் கொடுக்காமல் வழி நெடுகப் பிடித்துக்கொண்டே வந்தார். இது மூன்றாவது தடவை, ஆனாலும் மேலே பேசிச் சமாளித்துவிடலாம், நீ மட்டும் வாயை விட்டுவிடாதே என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். சின்ன வயதுதான், ஆனால் முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. விசில் தாளை நீட்டி, ரெண்டு மாசமாவே இவங்களுக்கு வேலை நேரத்துல தூக்கம், அதுக்கு மாத்திரையும் சாப்பிடுறாங்க என்றார். டாக்டர் அதைப் படித்தார். அண்ணி பேச்சுக்கு ஒழுங்காகத்தான் பதில் சொன்னாள். சரி, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டு அனுப்பிவிடலாம் என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குத் திரும்பியவர், போகிற போக்கில் என்னைப் பார்த்தார்.

"பக்கத்துல இருந்தது நீங்களா? தூங்கினாங்களா, மயங்கினாங்களா?"

விசில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி என் சுண்டுவிரலைப் பிடித்து அழுத்தினாள். எதற்கு அழுத்துகிறாள் என்று எனக்குத் தெரியும். தூக்கம் என்று சொன்னால் நாளைக்கு இரண்டு பேரும் வேலைக்குப் போகலாம். மயக்கம் என்றால் அவளுக்கு வேலை போச்சு, பொய்ச்சாட்சி சொன்ன எனக்கும் போச்சு, அவள் மகள் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்பது கடவுளுக்கு வெளிச்சம். ஆனால் அந்தக் கை வெட்டி இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஊரில் மனுஷர் அப்படித் தூங்குகிறார்கள்?

"மயங்கினாங்க டாக்டர். மூணு தடவையும் மயக்கம்தான். தூங்கினாங்கன்னு சொன்னது பொய். நான்தான் சொன்னேன்."

அண்ணி என் விரலை விட்டுவிட்டாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்மேல் அப்படிக் கோபப்பட்டதில்லை.

டாக்டர் திரும்பி வந்தார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வந்த தாளை அவர் நகத்தால் அளந்து பார்த்தார், இன்னொரு தடவை அளந்தார். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் அவள் கைப்பையைக் கட்டிலிலேயே கொட்டினேன். மூன்று வகை மாத்திரை, மூன்று காகிதத்தில் அழகாக மடித்து வைத்திருந்தாள். டாக்டர் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மாறியது. இரத்தம் எடுக்கச் சொன்னார், மெக்னீசியம் என்று ஒரு மருந்தைக் கொண்டுவரச் சொன்னார்.

அது வருவதற்குள், தலைமாட்டு மெஷின் திரையில் ஓடின இதயத்துடிப்புக் கோடு முறுக்கிக்கொண்டது. அதுவரை ஒழுங்காக ஏறி இறங்கினது, குழந்தை கிறுக்கின மாதிரி ஆகிவிட்டது. அண்ணியின் கண் மேலே செருகியது. என்னைத் திரைச்சீலைக்கு வெளியே தள்ளினார்கள். உள்ளே யாரோ எண்ணிக்கொண்டே நெஞ்சை அமுக்குவது கேட்டது. எல்லாரும் விலகுங்கள் என்று டாக்டர் சொன்னார். டொம்மென்று ஒரு சத்தம். நெஞ்சுக்கு மின்சார அதிர்ச்சி கொடுத்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விசில் பக்கத்தில் செருப்போடு நின்றார்.

மாலையில்தான் எங்களை உள்ளே விட்டார்கள். அண்ணிக்கு நினைவு வந்திருந்தது. கண்ணைத் திறந்து, கால்மாட்டில் நின்ற விசிலைப் பார்த்தாள். எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை.

"மன்னிச்சிடுங்க சார், தூங்கிட்டேன்."

நான் வாய்விட்டு அழுதேன். விசில் குனிந்து செருப்பைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார்.

டாக்டர் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். இதயம் ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் அடுத்த துடிப்புக்கு வேண்டிய மின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பொட்டாசியம், மெக்னீசியம் என்று சில உப்புகள் வேண்டும். அவள் சமையலில் குறைத்த உப்பு வேறு, இவை வேறு. நீர் மாத்திரையிலும் வேர்வையிலும் வயிற்றுப்போக்கிலுமாக இவை அவள் உடம்பில் வற்றிப்போயிருந்தன. அதற்குமேல் மனசுக்குக் கொடுத்த மாத்திரை, கிருமிக்குக் கொடுத்த மாத்திரை, இரண்டுமே இதயம் தயாராக எடுத்துக்கொள்கிற நேரத்தை இழுத்து நீட்டுகிற வகை. தனித்தனியாகப் பெரும்பாலானவர்கள் தாங்கிக்கொள்வார்கள். உப்பு வற்றின உடம்பில் இரண்டும் சேர்ந்தால், தயாராவதற்குள் அடுத்த துடிப்பு வந்து மோதி, தாளமே கலைந்துபோகும். அதற்காக யாரும் கொதிப்பு மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் கூடாது, சேர்த்துப் போடவும் கூடாது, எந்த டாக்டரிடம் போனாலும் சாப்பிடுகிற எல்லா மாத்திரையையும் காட்ட வேண்டும் என்றார். விழுந்தவரைத் தூங்கினார் என்று மட்டும் சொல்லவே கூடாது என்றார்.

நான் தூக்கம் என்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதே மாத்திரையோட வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். இன்னிக்கோ நாளைக்கோ படுத்த இடத்துல முடிஞ்சிருக்கும். தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு எல்லாரும் சொல்லியிருப்பீங்க."

முன்பு விழுந்த தேதிகள் அறிக்கைக்கு வேண்டும் என்று டாக்டர் கேட்டிருந்தார். மறுநாள் காலையில் சலவைக்கூடத்துக்குப் போய் நேரே விசிலின் மேசையிலிருந்து பதிவேட்டை எடுத்தேன். அவர் தடுக்கவில்லை. அண்ணியின் மூன்று வரிகளையும் குறித்துக்கொண்டேன். அதோடு மூடியிருக்கலாம். கை சும்மா இராமல் பின்பக்கங்களைப் புரட்டியது. எங்கள் எல்லார் பெயரும் இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே தூக்கம், தூக்கம், தூக்கம்.

நான்கு வருஷத்துக்கு முந்தைய பக்கத்தில் ஒரு பெயர் நான்கு தடவை வந்தது. எனக்கு முன்னால் அண்ணியோடு, இப்போது நான் நிற்கிற அதே மெஷினில் நின்றவள். அவள் போனதால் காலியான இடத்தில்தான் நான் வேலைக்கு வந்தேன். நான்காவது வரியின் ஓரத்தில், கம்பெனி டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார் என்று குறித்திருந்தது. தேதி ஒரு புதன்கிழமை. அதற்குப் பிறகு அவள் பெயர் எங்குமே இல்லை. அந்த வார சனிக்கிழமை படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்பது கூடத்தில் எல்லாருக்கும் தெரியும். தூக்கத்திலேயே போய்விட்டாள், கொடுத்து வைத்தவள் என்று என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் இப்படி ஒரு சாவு வரட்டும் என்று நானே சொல்லியிருக்கிறேன். அவள் எதனால் போனாள் என்று சத்தியம் பண்ண நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தப் பக்கத்தை மூட எனக்குக் கை வரவில்லை.

பேனாவை எடுத்து என் பெயருக்கு நேரே இருந்த இரண்டு தூக்கத்தையும் அடித்து, மயக்கம் என்று எழுதினேன். பதிவேட்டைப் பக்கத்து மெஷின்காரியிடம் நீட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். அது மெஷின் மெஷினாகச் சுற்றியது. இரண்டு பேர் தொடவில்லை. பிள்ளைகுட்டிக்காரர்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் அடித்து எழுதினார்கள். அண்ணியின் வரிகளை நான் திருத்தினேன். அப்புறம் அந்தப் பழைய பக்கத்தைத் திருப்பியபோதுதான் விசில் எழுந்து வந்தார். குரலில் அதட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"அதை விட்டுடும்மா. அதுல அவளே கையெழுத்துப் போட்டிருக்கா."

"நாங்களும்தான் போட்டோம் சார்."

நான்கு வரியிலும் மயக்கம் என்று எழுதினேன். நான்காவது வரிக்குக் கீழே ஒரு வரி காலியாக இருந்தது. அதில் அவள் பெயரை எழுதி, அந்தச் சனிக்கிழமையின் தேதியைப் போட்டு, நேரே, செத்துப்போனாள் என்று எழுதினேன்.